ஆங்கில வகுப்பில் சிறுகதையும் கட்டுரையும்



உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில வகுப்பில் சிறுகதை எவ்வாறு படிக்கப்படுகிறது, படித்த கதையைக் குறித்து மாணவர்கள் எவ்வாறு கட்டுரை எழுதுகிறார்கள் என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இலக்கணம், உச்சரிப்பு, கடிதம் வரைதல், பத்தியைப் படித்து விடையளித்தல் என்று ஆங்கில ஆசிரியரின் தலைமேல் ஏற்றப்பட்டிருக்கும் பாரங்களுக்கு நடுவே, துணைப்பாட நூலிலுள்ள சில கதைகளுக்கு இத்தனை பெரிய சபை கூட வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், ஒரு பிள்ளை தனக்கென்று ஓர் அபிப்பிராயத்தைக் கொண்டு, அதற்குக் காரணம் சொல்லி, அந்தக் காரணத்துக்குச் சாட்சியமும் காட்டி, மாறுபட்ட கருத்துடையவனும் நின்று கேட்கும்படி எழுதுவதற்கு முதன்முதலாகக் கற்றுக்கொள்ளக்கூடிய இடம் அந்த வகுப்புத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையே இன்று என்னைப் பேச வைக்கிறது.

நம் பள்ளிகளில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'நான்-டீடெயில்' என்று நாம் வழங்கும் துணைப்பாட நூல், பெரும்பாலும் மற்றப் பாடங்களெல்லாம் முடிந்தபின் எஞ்சிய நேரத்தில் திறக்கப்படுகிறது. ஆசிரியர் கதையைத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். பிள்ளைகள் ஆவலோடு கேட்கிறார்கள். ஏனெனில் கதை கேட்பதில் சலிப்படையும் பிள்ளை எங்குமே இல்லை. அதன்பின் 'எஸ்ஸே' என்ற பெயரில் ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோ கரும்பலகையில் எழுதப்படுகிறது, அல்லது கடையில் விற்கும் 'கைடு' புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் அதனை உருப்போட்டுப் பரீட்சையில் ஒப்புவிக்கிறார்கள். விடைத்தாள் திருத்துகிறவர் எத்தனை தாள்களைப் புரட்டினாலும் அத்தனையிலும் ஒரே முதல் வாக்கியம், ஒரே முடிவு, 'இக்கதையால் நாம் அறியும் நீதி' என்று தொடங்கும் ஒரே கடைசிப் பத்தி. மூலக் கதையின் ஒரு வரியையாவது கண்ணால் பார்க்காமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாகிவிட்டது.

இதற்கு ஆசிரியர்களைக் குறை கூறுவது நியாயமன்று. கட்டுரை என்னும் இந்த அப்பியாசம் பள்ளிக்குள் நுழைந்த வரலாற்றிலேயே இக்குறையின் வித்து இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரி, 1874-ஆம் ஆண்டு முதல், சேர விரும்பும் மாணவர்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட சில இலக்கிய நூல்களுள் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் சிறு கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும் என்று விதித்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சில, கோல்ட்ஸ்மித்தின் நாவல், ஸ்காட்டின் படைப்புகள் என்று அந்தப் பட்டியல் அமைந்தது. நூலை மாணவன் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருக்கிறான் என்று அறிவது அதன் பிரதான நோக்கமாக இருக்கவில்லை. எழுத்துப் பிழையின்றி, நிறுத்தக் குறிகளைச் சரியாக இட்டு, இலக்கணம் வழுவாமல், பத்திகளைப் பிரித்து அவன் எழுதுகிறானா என்று பார்ப்பதே பெரிய நோக்கம். நூல் அந்தச் சோதனைக்கு வாய்த்த ஒரு வியாஜம் மாத்திரமே. ஆனால் கல்லூரி பட்டியலிட்ட நூல்களே பள்ளியின் பாடத்திட்டமாயின. மற்றக் கல்லூரிகளும் தத்தம் பட்டியல்களை வெளியிட்டன. பள்ளி ஆசிரியர்கள் பரீட்சைக்குரிய நூலைப் பரீட்சைக்குரிய முறையில் கற்பிப்பதன்றி வேறு வழியறியாதவரானார்கள். இந்த ஆதிக்கத்தைப் பொறுக்கமாட்டாத ஆங்கில ஆசிரியர்கள் 1911-இல் சிக்காகோ நகரில் கூடித் தேசிய ஆங்கில ஆசிரியர் மன்றத்தை நிறுவியதற்கு இருந்த காரணங்களுள், கல்லூரிகள் விதித்த ஒரேமாதிரியான பட்டியல்களின்மேல் அவர்களுக்கிருந்த அதிருப்தி முக்கியமானது. கட்டுரை பரீட்சையின் பிள்ளையாகப் பிறந்தது; அந்தப் பிறவிக் குணம் இன்னமும் அதை விட்டு நீங்கவில்லை.

ஹார்வர்டின் அந்தப் பட்டியலில் சிறுகதை இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். சிறுகதையை ஒரு தனிக் கலையாகக் கருதும் வழக்கம் அக்காலத்தில் இன்னும் வேரூன்றவில்லை. 1842-ஆம் ஆண்டிலேயே எட்கர் ஆலன் போ, ஹாதார்னின் கதைத் தொகுதி ஒன்றுக்கு எழுதிய மதிப்புரையில், அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள், எழுந்திராமல் ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய கதைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டென்றும், அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் முன்பே தீர்மானிக்கப்பட்ட ஒரே உணர்ச்சியை விளைவிப்பதற்கு உழைக்கவேண்டும் என்றும் வாதாடியிருந்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிராண்டர் மாத்யூஸ் அதே கருத்தை விரித்துச் சிறுகதையின் தத்துவத்தைப் பற்றி ஒரு சிறு நூலை 1901-இல் வெளியிட்டார். வகுப்பறைக்குச் சிறுகதை ஏன் ஏற்றது என்பதற்கான விடை போவின் வாதத்திலேயே அடங்கியிருக்கிறது. நாவலைப் பற்றிப் பேசும்போது மாணவன் தன் ஞாபகத்தை நம்பியே பேசவேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் படித்த அத்தியாயத்தில் என்ன நடந்தது என்று அவனுக்கும் நிச்சயமில்லை, பல சமயங்களில் ஆசிரியருக்கும் நிச்சயமில்லை. சிறுகதையிலோ சாட்சியம் முழுவதும் பத்துப் பக்கங்களுக்குள் கிடக்கிறது. இன்று படித்ததை நாளை முழுவதுமாக மறுபடியும் படிக்கலாம். 'நீ சொல்வது எந்த இடத்தில் இருக்கிறது, காட்டு' என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்கலாம். கேட்கப்பட்டவன் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம், காட்ட முடியாமல் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். இந்த வசதி வேறு எந்த இலக்கிய வகையிலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. கவிதையில் உண்டு, ஆனால் அந்நிய மொழிக் கவிதை நம் பிள்ளைகளுக்கு முதற்படியாகாது.

பொதுப்பட இவ்வளவு பேசினால் போதும். ஒரு கதையை எடுத்துக்கொண்டு சற்று நெருங்கிப் பார்ப்போம். மத்தியக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் இடம்பெற்றதும், உலகெங்கும் உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கப்படுவதுமான மாப்பசானின் 'நெக்லஸ்' கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1884-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பாரிஸ் நகரின் பத்திரிகையொன்றில் வெளியான பிரெஞ்சுக் கதை அது. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அதன் வாயிலாக நம் பிள்ளைகளை வந்தடைந்தது.

கதை உங்களுக்குத் தெரியும். கல்வி மந்திரியின் இலாகாவில் ஒரு சாதாரணக் குமாஸ்தாவின் மனைவி மெட்டில்டா. செல்வத்துக்கும் சுகபோகத்துக்குமே பிறந்தவள் தான் என்று எண்ணி எண்ணி ஏங்குகிறவள். மந்திரி மாளிகையின் விருந்துக்கு அழைப்பு வருகிறது. கணவன் துப்பாக்கி வாங்குவதற்கென்று சேர்த்து வைத்திருந்த 400 பிராங்கைக் கொடுத்து உடை தைத்துக்கொள்ளச் சொல்கிறான். நகைக்காகத் தன் தோழி ஃபாரஸ்டியர் அம்மாளிடம் ஒரு வைர நெக்லஸை இரவல் வாங்கிக்கொண்டு போகிறாள். அன்றிரவே அதைத் தொலைத்துவிடுகிறாள். அதைப் போன்றதொரு நெக்லஸ் 36,000 பிராங்குக்குக் கிடைக்கிறது. கணவனின் பிதுரார்ஜிதமான 18,000 பிராங்கும் போக, மீதிக்குக் கண்டவரிடமெல்லாம் கடன்பட்டு அதை வாங்கித் தோழியிடம் சேர்த்துவிட்டு, பத்து வருஷம் உழைத்து ஓடாகத் தேய்ந்து கடனைத் தீர்க்கிறார்கள். அதன் பின்னரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உலாவச் சென்ற இடத்தில் தோழியைச் சந்தித்து உண்மையைச் சொன்னபோது, தொலைந்துபோன நெக்லஸ் போலி என்றும், மிஞ்சிப் போனால் 500 பிராங்குதான் பெறும் என்றும் தெரியவருகிறது.

இந்தக் கதையைப் படித்த மாணவனைக் கட்டுரை எழுதச் சொன்னால், அவன் எழுதுவது இன்னதென்று நாம் இங்கிருந்தே சொல்லிவிடலாம்: 'பேராசை பெருநஷ்டம், இருப்பதைக் கொண்டு திருப்தியடைய வேண்டும்.' இது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதையைப் படிக்காமலே எழுதக்கூடிய ஒரு வாக்கியம் அந்தக் கதையைப் பற்றிய கட்டுரையாகுமா என்று கேட்கிறேன். கதையை முதல்முறை படித்து அதன் முடிவைக் கண்டு திகைத்த பிள்ளையை, முடிவு தெரிந்த நிலையில் இரண்டாம் முறை படிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் பாடம் தொடங்குகிறது.

இரண்டாம் முறை படிக்கும் பிள்ளையின் கண்ணில் எவை எவை படும்? நெக்லஸ் தொலைந்தபின், கணவனும் மனைவியும் அது இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு, அதனுள் பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் தம் கணக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த நெக்லஸைத் தாம் விற்கவில்லை என்றும், பெட்டியை மாத்திரமே கொடுத்திருக்க வேண்டும் என்றும் கூறிவிடுகிறார். முதல் வாசிப்பில் அந்த வரியை நாம் கவனிப்பதேயில்லை. பாவம், அலைகிறார்களே என்ற இரக்கத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். இரண்டாம் வாசிப்பிலோ அந்த ஒரு வரி நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது. ஒரு கடையின் பெட்டிக்குள் இன்னொரு கடையின் சரக்கு! உண்மை அந்தக் கணமே அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆசிரியர் நம்மை வஞ்சிக்கவில்லை. முடிவுக்கு வெகு முன்பே சாட்சியத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் மேலே போனார். கதையைச் சுருக்கித் தருகிறவர்கள் இத்தகைய வரியைத் தேவையற்றதென்று எளிதில் நீக்கிவிடக்கூடும். ஆகையால் முழுக் கதையையும் வகுப்பில் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்று ஆசிரியர்களை வேண்டுகிறேன்.

இன்னும் பாருங்கள். புதிய நெக்லஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, தோழி பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவாளோ என்று மெட்டில்டா அஞ்சுகிறாள். தோழியோ, இன்னும் முன்னதாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டாளேயொழியத் திறந்து பார்க்கவேயில்லை. விலைமதிப்புள்ள வைரத்தை இரவல் கொடுத்தவள், அது நாள் கடந்து திரும்பி வரும்போது திறந்து பார்க்காமலிருப்பாளா? முதலில் இரவல் கேட்டபோதும் அவள் சிறிதும் தயங்காமல் எடுத்துக்கொள் என்று சொன்னாளே, அது தோழமையா, அல்லது பொருளின் மதிப்பை அறிந்த அலட்சியமா? செல்வச் சீமாட்டியாகிய அவளே போலி வைரத்தை வேறொரு கடையின் அழகிய பெட்டிக்குள் வைத்திருந்தாளே, அப்படியானால் பகட்டு என்னும் குற்றம் குமாஸ்தாவின் மனைவிக்கு மாத்திரம் உரியதா? இந்தக் கேள்விகளில் எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு கட்டுரைக்கு இடமிருக்கிறது; ஒன்றையாவது கைடு புத்தகத்தில் காண முடியாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் வேறொன்று. விருந்து முடிந்து அதிகாலை நான்கு மணிக்கு அவர்கள் புறப்படும்போது, கணவன் அவள் தோள்மீது வீட்டிலிருந்து கொண்டுவந்த எளிய மேலங்கியைப் போர்த்துகிறான். சுற்றிலும் மற்றப் பெண்மணிகள் விலையுயர்ந்த ரோம அங்கிகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று மெட்டில்டா விரைகிறாள். வெளியே சளி பிடிக்கும், சற்று நில், நான் வண்டி அழைத்து வருகிறேன் என்று கணவன் சொல்வதையும் கேளாமல் படிக்கட்டில் இறங்கி ஓடுகிறாள். தெருவில் வண்டி கிடைக்காமல் இருவரும் குளிரில் நடுங்கிக்கொண்டு ஸேன் நதியை நோக்கி நடக்கிறார்கள். வெகுநேரம் கழித்து ஒரு பழைய வண்டி அகப்படுகிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று மேலங்கியைக் கழற்றும்போதுதான் கழுத்து வெறுமையாக இருப்பது தெரிகிறது. எந்த இடத்தில் நகை விழுந்ததென்று கதை சொல்லவில்லை. ஆனால் அந்த ஓட்டத்திலும் அந்த நடையிலும் அது போயிருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. அப்படியானால் அவளைக் கெடுத்தது பேராசையா, வெட்கமா? ஆசை அவளை மாளிகைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே அவள் எல்லோரினும் அழகியாகத் திகழ்ந்தாள், ஒரு கேடும் விளையவில்லை. கேடு விளைந்தது, தன் ஏழ்மையைப் பிறர் பார்த்துவிடக்கூடாதே என்று ஓடியபோது. நகையைத் தொலைத்துவிட்டோம் என்று தோழியிடம் சொல்லாமல், கொக்கி உடைந்துவிட்டது, பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று கடிதம் எழுதியதும் அதே வெட்கத்தின் காரியந்தானே?

இந்த இடத்தில் கூர்மையான ஒரு மாணவி எழுந்து, 'அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது கணவன் அல்லவா? வாசகத்தைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தானே? அப்படியிருக்க எல்லாப் பழியையும் மனைவிமேல் போடுவது எப்படி?' என்று கேட்பாளானால், அந்த வகுப்பின் ஆசிரியர் பாக்கியசாலி. கதையில் எல்லோரும் நல்லவனென்று ஏற்றுக்கொண்ட அந்தக் கணவன்மேல் அவள் ஒரு வழக்குத் தொடுத்துவிட்டாள்; அவள் கையில் சாட்சியமும் இருக்கிறது. இனி அவள் எழுதப்போகும் கட்டுரையை யாரும் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

கேள்வியிலிருந்து கட்டுரைக்கு எப்படிப் போவது என்பதுதான் நடைமுறையில் கடினமான பகுதி. அதில் சற்றுத் தங்கிப் பேச விரும்புகிறேன். மாணவன் முதலில், 'இக்கதையில் மெட்டில்டா என்பவள் வெட்கப்படுகிறாள்' என்று எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இது செய்தி, இதை மறுப்பார் யாருமில்லை, மறுப்பார் இல்லாத இடத்தில் கட்டுரைக்கு வேலையுமில்லை. சற்றுத் தூண்டினால், 'மெட்டில்டாவின் துன்பத்துக்கு வெட்கமே காரணம்' என்று எழுதுவான். இது அபிப்பிராயம், ஆனால் மிகப் பரந்து கிடக்கிறது. இன்னும் ஒருமுறை கதையைத் திறக்கச் செய்து, எந்த வெட்கம், எப்போது, யார் முன்னிலையில் என்று கேட்டால், 'ஆடம்பரத்தின்மேல் கொண்ட ஆசை மெட்டில்டாவுக்கு ஓரிரவு இன்பத்தைத் தந்தது. ஏழ்மையை மறைக்க விரும்பிய வெட்கமோ, மாளிகையின் வாசலிலும் தோழிக்கு எழுதிய கடிதத்திலும் அவளுக்கு உண்மையை மறைத்து, பத்து வருஷ வாழ்வைப் பறித்தது' என்று எழுதிக்கொண்டு வருவான். இந்த வாக்கியத்தை ஒருவன் மறுக்கலாம். மறுக்கலாம் என்பதனாலேயே அது நிறுவத் தகுந்தது. மேலும், கட்டுரையின் உடல் எப்படி அமையவேண்டும் என்பதையும் அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது: முதலில் விருந்தின் இன்பம், பிறகு வாசலில் நடந்த ஓட்டம், பிறகு கடிதம், பிறகு எதிர்வாதி சொல்லக்கூடியதும் அதற்கு மறுமொழியும். அமெரிக்கப் பள்ளிகளில் இத்தகைய வாக்கியத்தை 'தீஸிஸ்' என்கிறார்கள். முதல் பத்தியின் கடைசியில் அதை வைக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம்.

அங்கேயே ஐந்து பத்திக் கட்டுரை என்றொரு சம்பிரதாயமும் வேரூன்றியிருக்கிறது. முன்னுரை ஒரு பத்தி, காரணத்துக்கு ஒன்றாக மூன்று பத்திகள், முடிவுரை ஒரு பத்தி. இதைப் பழித்துப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. நான் அவ்வாறு பழிக்கமாட்டேன். எழுதத் தெரியாமல் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு, வீடு கட்டுகிறவன் கட்டும் சாரத்தைப் போல் அது உதவுகிறது. சுவர் எழும்பிய பின்னும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டுவிடுவதே தவறு. ஒரு கருத்துக்கு இரண்டே சாட்சியங்கள் உண்டென்றால், மூன்றாவதைக் கற்பனை செய்து இட்டு நிரப்பும் பழக்கத்தை ஐந்து என்ற எண் வளர்த்துவிடுகிறது. ஒரே சாட்சியத்தை இரண்டு பக்கம் ஆராய வேண்டிய சமயத்தில், அதை நான்கு வரியில் முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடவும் அதே எண் கட்டாயப்படுத்துகிறது. ஒன்பதாம் வகுப்பில் அதைக் கற்றுக்கொடுத்து, பதினொன்றாம் வகுப்பில் அதிலிருந்து விடுவிக்கும் ஆசிரியரே என் மதிப்பில் நல்லாசிரியர்.

கதையைக் கற்பிக்கும் முறையைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய விவாதத்தையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். லூயிஸ் ரோஸன்பிளாட் என்ற அம்மையார் 1938-இல் எழுதிய நூலில், நூலும் வாசகனும் சந்திக்கும் இடத்தில்தான் இலக்கிய அனுபவம் பிறக்கிறதென்றும், ஆகவே மாணவனின் சொந்த உணர்ச்சியையும் வாழ்க்கையையும் ஒதுக்கிவிட்டு இலக்கியம் கற்பிக்க முடியாதென்றும் வற்புறுத்தினார். ஐந்து ஆண்டுகளுக்குப்பின், 1943-இல், கிளீந்த் புரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் சேர்ந்து வெளியிட்ட கதைத் தொகுதி, ஆசிரியரின் வரலாற்றையும் நீதி போதனையையும் பின்னுக்குத் தள்ளி, கதையின் உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படி இயைந்து பொருள் தருகின்றன என்று நுணுகிப் பார்க்கும் முறையைக் கல்லூரிகளில் பரப்பியது. அங்கிருந்து அது பள்ளிகளுக்கும் இறங்கி வந்தது. இரு கட்சியாரும் ஒருவரையொருவர் மறுப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். வகுப்பறையில் நின்று பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் சங்கிலி போட்டுக்கொண்டு போன தாயையோ சித்தியையோ நினைத்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் மெட்டில்டாவின் மேலங்கி கண்ணில் படும். கண்ணில் பட்டதைச் சொல்லால் நிறுவுவதற்கு புரூக்ஸ், வாரன் ஆகியோரின் முறை வேண்டும். உணர்ச்சி கேள்வியைத் தருகிறது, நுணுக்கமான வாசிப்பு விடையைத் தேடித் தருகிறது.

இந்த முறை வேறொரு கதையிலும் பலன் தருவதைப் பாருங்கள். ஓ. ஹென்றி 1905 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகையொன்றில் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில், டெல்லா என்ற இளம் மனைவி ஒரு டாலர் எண்பத்தேழு சென்டை மூன்று முறை எண்ணிப் பார்ப்பதோடு கதை தொடங்குகிறது. கூந்தலை 20 டாலருக்கு விற்கிறாள்; கணவனின் பைக்கடியாரத்துக்குரிய சங்கிலியை 21 டாலருக்கு வாங்குகிறாள்; 87 சென்டோடு வீடு திரும்புகிறாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. வீட்டு வாடகை வாரம் 8 டாலர், கணவனின் சம்பளம் 30-லிருந்து 20 டாலராகக் குறைந்துவிட்டது என்று கதையின் முற்பகுதி முழுவதும் எண்களாகவே இருக்கிறது. பிற்பகுதியில், கணவன் வீட்டுக்குள் வந்து நின்றபின், எண்களின் ஆட்சி முடிந்துவிடுகிறது. அவள் கூந்தலுக்கென்று அவன் வாங்கிவந்த சீப்புகளின் விலையை ஆசிரியர் சொல்வதேயில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒரு மாணவன் கேட்டு, அதற்கு ஒரு பக்கம் விடை எழுதினால், தியாகம் என்னும் பண்பைப் பற்றி மனப்பாடமாக எழுதப்பட்ட பத்துக் கட்டுரைகளை அதற்கு ஈடாக நான் ஏற்கமாட்டேன்.

சற்று வளர்ந்த மாணவர்களுக்கு ஷெர்லி ஜாக்ஸனின் 'லாட்டரி' கதையைக் கொடுக்கலாம். 1948 ஜூன் 26-ஆம் தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் அது வெளியானபோது வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை திகைப்பும் கோபமும் நிறைந்தவை. அப்படிப்பட்ட சீட்டுக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, தாங்கள் போய்ப் பார்க்க முடியுமா என்றுகூடச் சிலர் விசாரித்ததாக ஜாக்ஸனே பின்னாளில் தெரிவித்தார். கதையின் தொடக்கத்திலேயே சிறுவர்கள் கற்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் நிரப்புகிறார்கள். கோடைக்காலக் காலைநேரம், பூக்கள், பசும்புல் என்ற வர்ணனைக்கு நடுவே அது விளையாட்டாகவே நமக்குத் தோன்றுகிறது. அக்கற்கள் எதற்கென்று தெரிந்துகொண்ட மாணவன், ஊர் வழக்கம் என்பதற்காக நாம் கேள்வி கேட்காமல் செய்து வருபவை எவை எவை என்று தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடுகிறான். அந்த யோசனையைக் கட்டுரையில் எழுத அவனுக்குத் துணிவு வரவேண்டுமானால், நீதியை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக்கூடாது.

நம் நாட்டு ஆசிரியர்கள் இங்கே ஒரு நியாயமான தடையை எழுப்புவார்கள். 'எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பிழையின்றி எழுதுவதே சிரமமாயிருக்கையில், இத்தகைய ஆராய்ச்சிக் கட்டுரையை அவர்கள் எப்படி எழுதுவார்கள்?' என்று கேட்பார்கள். என் யோசனை இது: விவாதத்தைத் தமிழில் நடத்துங்கள். கணவன் குற்றவாளியா, மனைவி குற்றவாளியா என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து தாய்மொழியில் வாதாடட்டும். எண்ணம் தெளிந்தபின் அதை எளிய ஆங்கிலத்தில், சிறிய வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். சொந்தமாகச் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும் பிள்ளை, அதற்குரிய சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டுகிறான், ஆசிரியரிடம் வந்து நிற்கிறான். பிறர் எழுதிய கட்டுரையை உருப்போடும் பிள்ளைக்கு எந்தச் சொல்லும் தேவைப்படுவதில்லை. பிழை நிறைந்த சொந்தக் கட்டுரையில்தான் அவனுடைய ஆங்கிலம் வளருகிறது. திருத்தும் ஆசிரியரும் முதல் வாசிப்பில் சிவப்பு மையைத் தொடாமல், ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை மாத்திரம் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம்: 'இதைக் கதையில் எங்கே கண்டாய்?' அதற்கு விடை கண்டு அவன் இரண்டாம் முறை எழுதிக்கொண்டு வரும்போது இலக்கணப் பிழைகளைத் திருத்தினால் போதும். வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருக்கிறார்கள், இவ்வளவுக்கும் நேரம் ஏது என்பதை நான் மறக்கவில்லை. ஆகவே பருவத்துக்கு ஆறு கட்டுரைகளுக்குப் பதிலாக இரண்டு கட்டுரைகள் எழுதினால் போதும், அவ்விரண்டும் இருமுறை எழுதப்பட வேண்டும் என்று சொல்வேன்.

இதெல்லாம் வினாத்தாள் மாறாதவரை நிலைக்காது என்பதும் எனக்குத் தெரியும். பரீட்சையில் எது கேட்கப்படுகிறதோ அதையே பள்ளி கற்பிக்கும்; பெற்றோரும் அதையே எதிர்பார்ப்பார்கள். ஆகவே வினாத்தாள் அமைக்கும் பொறுப்பிலுள்ளவர்கள் இச்சபையில் இருந்தால், அவர்களிடம் ஒன்றை விண்ணப்பித்துக்கொள்கிறேன். துணைப்பாடக் கதையின் சுருக்கத்தை எழுதுக என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, பிள்ளைகள் படித்த கதையிலிருந்தே பத்து வரிகளை வினாத்தாளில் அச்சிட்டு, இந்த இடத்தில் இந்தப் பாத்திரம் செய்தது சரியா என்று உன் கருத்தைச் சொல், அச்சிட்ட பகுதியிலிருந்தும் கதையின் வேறோர் இடத்திலிருந்தும் அதற்கு ஆதாரம் காட்டு என்று கேளுங்கள். ஆண்டுதோறும் பகுதியை மாற்றுங்கள். திருத்துவோருக்குக் கொடுக்கும் விடைக்குறிப்பில், சரி என்று எழுதியவனுக்கும் தவறு என்று எழுதியவனுக்கும் ஆதாரத்தின் வலிமையைப் பார்த்து மதிப்பெண் இடுமாறு எழுதி வையுங்கள். இப்படிச் செய்தால் திருத்துவோர்களுக்குள் மதிப்பெண் வேறுபடுமே என்று அஞ்சவேண்டாம். ஒரே தாளை இருவர் தனித்தனியே திருத்தி, வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவர் பார்ப்பது பல்கலைக்கழகங்களில் கையாண்டு வந்த முறைதான். செலவு சற்றுக் கூடும்; அச்செலவைச் செய்யலாம். முதல் ஆண்டு பிள்ளைகள் தடுமாறுவார்கள், மதிப்பெண் குறையும், பெற்றோர் வருந்துவார்கள். இரண்டாம் ஆண்டு கைடு வெளியிடுவோர் புதிய வினாக்களுக்கும் விடை அச்சிடப் பார்ப்பார்கள். எந்தப் பகுதி வரும் என்று தெரியாமையால் அவர்களால் அது முடியாது. மூன்றாம் ஆண்டில், பிள்ளைகள் கதைப் புத்தகத்தையே வாங்கிப் படிக்கத் தொடங்கியிருப்பார்கள்.